ஒர்க்ஸ்டேஷனா, சவுண்ட் மாட்யூலா?

பொங்கல் விழா முடிந்து மேடையைப் பிரிக்கும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி வரும். பந்தல்காரர் ஒரு பக்கம் துணியை உருவிக்கொண்டிருப்பார். ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும் என்னிடம் ஒரு தகப்பனார் மெல்ல வந்து நிற்பார்.

"அண்ணாச்சி, பையன் இன்னைக்கு வாசிச்சானே, எப்படி இருந்தது?"

"நல்லா வாசிச்சான் தம்பி. கையில வேகம் இருக்கு."

"வீட்ல இருக்கிற சின்ன கீபோர்டு போதலைங்கான். தாதர்ல ஒருத்தர்கிட்ட பழைய ஒர்க்ஸ்டேஷன் ஒண்ணு இருக்கு. அதுல பாதி விலைக்கு இன்னொரு பெட்டி இருக்கு, கட்டையே கிடையாது, சவுண்ட் மாட்யூலுங்காங்க. எதை வாங்க?"

போன விழாவில் இப்படிக் கேட்ட ஒரு தம்பிக்கு நின்ற நிலையில் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லவேண்டியது நிறைய இருந்தது. மும்பையில் பத்துக்குப் பதினைந்து அறையில் குடித்தனம் நடத்தி, சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் அது. தவறான பெட்டியில் போய் விழுந்தால் நஷ்டம் பணத்தோடு நிற்காது. வாங்கிய சாமான் மூலையில் தூங்கும். "உனக்கு வாங்கிக் குடுத்தது போதாதா" என்ற பேச்சு வரும். பிள்ளையின் வாசிப்பும் அதோடு நின்றுவிடும். அப்படி நின்றுபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்தத் தம்பிக்குச் சொன்னதை மலர் வாசகர் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

ஒரு பெட்டிக்குள் நாலு வேலை

ஒர்க்ஸ்டேஷன் என்பது நாலு பேர் வேலையை ஒரே ஆள் பார்ப்பது போன்றது. முதலாவது, விரல் படுகிற கட்டைகள். இரண்டாவது, ஒலியை உண்டாக்கும் பகுதி. பியானோ, வயலின், புல்லாங்குழல் என்று பதிவு செய்த ஒலித் துணுக்குகள் அதன் நினைவகத்தில் இருக்கும். மூன்றாவது, சீக்வென்ஸர். நாம் வாசித்ததை ட்ராக் ட்ராக்காக நினைவில் வைத்துத் திரும்ப வாசித்துக் காட்டும். நாலாவது, எக்கோ, ரிவெர்ப் போன்ற எஃபெக்ட்ஸ். பிற்காலத்து மாடல்களில் நாமே ஒலியைப் பதிவு செய்து கட்டையில் ஏற்றும் சாம்ப்ளிங் வசதியும் சேர்ந்தது.

இந்த நாலையும் சேர்த்து வெற்றி கண்ட கருவி, ஜப்பானின் கோர்க் நிறுவனம் 1988-ல் கொண்டுவந்த எம்1. அதன்பின் ரோலண்டின் எக்ஸ்பி-80 (1996), கோர்க் டிரைட்டன் (1999), யமஹா மோடிஃப் (2001) என்று வரிசையாக வந்தன. இன்று செகண்ட் ஹேண்டாகக் கைமாறுபவற்றில் இந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவை நிறைய.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இடது கையில் கார்டு பிடித்தால் தாளமும் பேஸும் தானாகச் சேர்ந்து வாசிக்கும் கீபோர்டுக்கு அரேஞ்சர் என்று பெயர். கோர்க் நிறுவனத்தின் 'பிஏ' வரிசை, யமஹாவின் 'பிஎஸ்ஆர்' வரிசை எல்லாம் அந்த இனம். அது வேறு வேலைக்கானது. கடைக்காரர் 'ஒர்க்ஸ்டேஷன்' என்று சொன்னாலும் எந்த இனம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி சவுண்ட் மாட்யூல். மேலே சொன்ன நாலில் ஒலிப் பகுதியையும் எஃபெக்ட்ஸையும் மட்டும் எடுத்து ஒரு பெட்டியில் அடைத்தால் அதுதான் மாட்யூல். கட்டை கிடையாது, பெரும்பாலும் சீக்வென்ஸரும் கிடையாது. பல சமயம் ஒரே கம்பெனி ஒரே ஒலியை இரண்டு உடம்பில் விற்றிருக்கிறது. ரோலண்டின் ஜேவி-1080 என்ற மாட்யூல் 1994-ல் வந்தது. இரண்டு வருஷம் கழித்து வந்த எக்ஸ்பி-80 ஒர்க்ஸ்டேஷன் ஏறக்குறைய அதே ஒலியைக் கட்டைகளோடு தந்தது. டிரைட்டனுக்கும் மோடிஃபுக்கும்கூட 'ரேக்' என்ற பெயரில் கட்டையில்லாத பெட்டிகள் உண்டு. ஆகவே மாட்யூல் என்றால் மட்டமான ஒலி என்று நினைக்கவேண்டாம். ஒலி அதேதான்; கட்டைக்கும் சீக்வென்ஸருக்கும் உள்ள விலைதான் குறைகிறது.

மிடி என்னும் தபால்காரர்

கட்டை ஒரு இடத்திலும் ஒலி இன்னொரு பெட்டியிலும் இருந்தால் இரண்டும் எப்படிப் பேசிக்கொள்ளும்? அதற்கு 1983-ல் கம்பெனிகள் சேர்ந்து ஒரு பொது மொழியை வைத்துக்கொண்டன. அதுதான் மிடி. பின்பக்கம் ஐந்து ஓட்டை உள்ள வட்டமான சாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். அதன் வழிதான் சேதி போகும்.

மிடி ஒயரில் சத்தம் போவதில்லை. "இந்தக் கட்டையை அழுத்தினான், இவ்வளவு வேகமாக அழுத்தினான், இப்போது விட்டான்" என்ற சேதி மட்டுமே போகிறது. அழுத்தும் வேகத்தை 1 முதல் 127 வரை ஒரு எண்ணாக அனுப்பும். ஒரு ஒயரில் 16 சேனல்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வாத்தியம். ஒரு கட்டையின் சேதி போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மில்லி செகண்டு ஆகும். காதுக்கு அது தெரியாது.

இதில் நமக்கு உள்ள லாபம் என்னவென்றால், 1994-ல் செய்த மாட்யூல் இன்று கடையில் வாங்கும் கீபோர்டின் சேதியையும் அப்படியே புரிந்துகொள்ளும். மொழி மாறவில்லை.

1991-ல் இதற்கு மேல் 'ஜெனரல் மிடி' என்று ஒரு பட்டியலும் வந்தது. எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்று 128 ஒலிகளுக்கு வரிசை போட்டார்கள். 41 வயலின், 105 சிதார், 112 ஷெனாய் என்று போகும். 10-வது சேனல் டிரம்ஸுக்கு. அந்தப் பட்டியலில் நாதஸ்வரம் இல்லை, வீணை இல்லை. மிருதங்கமும் தபலாவும்கூட இல்லை. "128 சவுண்டு இருக்கு சார்" என்று விற்பவர் சொன்னால், நம் பாட்டுக்கு வேண்டியது அதில் எத்தனை என்று கேட்கவேண்டும்.

பெரிய மாட்யூல்கள் இந்தப் பட்டியலோடு நிற்பவை அல்ல. ஜேவி-1080-ல் கூடுதல் ஒலி அட்டைகள் செருக நாலு இடம் உண்டு. அதற்காக ரோலண்ட் விற்ற அட்டைகளில் 'வேர்ல்ட்', 'ஏஷியா' போன்றவற்றில் நம் பக்கத்து ஒலிகள் கிடைக்கும். பழைய மாட்யூல் வாங்கும்போது உள்ளே எந்த அட்டை இருக்கிறது என்று கேளுங்கள். ஒரே மாடல் இரண்டு இடத்தில் இரண்டு விலைக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் வீட்டு கீபோர்டின் முதுகைப் பாருங்கள்

மாட்யூல் வாங்கலாமா என்ற கேள்விக்குப் பதில் கடையில் இல்லை. உங்கள் வீட்டில் இருக்கிறது. மாட்யூலுக்குக் கட்டை கிடையாது என்பதால் வீட்டில் இருக்கும் கீபோர்டுதான் அதன் கை. கை ஊமையானால் வாயும் ஊமை. நாலு விஷயம் பாருங்கள்.

ஒன்று, கட்டைக்கு டச் உண்டா? மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும் ஓங்கி அழுத்தினால் பலமாகவும் ஒலிக்கவேண்டும். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இது இருக்காது. எப்படி அழுத்தினாலும் ஒரே எண்தான் போகும். அதன்பின் எவ்வளவு நல்ல மாட்யூலைச் சேர்த்தாலும் எல்லா ஸ்வரமும் ஒரே கனத்தில் பள்ளிக்கூட மணி போலத்தான் ஒலிக்கும்.

இரண்டு, இடது ஓரத்தில் பிட்ச் பெண்ட் சக்கரமோ லீவரோ உண்டா? இது ஏன் முக்கியம் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

மூன்று, பின்னால் என்ன சாக்கெட்? ஐந்து ஓட்டை வட்ட சாக்கெட்டில் 'மிடி அவுட்' என்று போட்டிருந்தால் கவலையில்லை. அதிலிருந்து மாட்யூலின் 'மிடி இன்'-க்கு ஒரு ஒயர், அவ்வளவுதான். பிற்காலத்தில் வந்த வீட்டு கீபோர்டுகள் பலவற்றில் வட்ட சாக்கெட் இல்லை. பிரின்டருக்குப் போடுகிற மாதிரி சதுர வாய் யுஎஸ்பி மட்டும் இருக்கும். அது கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு வைத்தது. அதைப் பழைய மாட்யூலோடு நேரே இணைக்க முடியாது. யுஎஸ்பி-மிடி ஒயர் வாங்கிப் போட்டாலும் பேசாது. நடுவில் ஒரு கம்ப்யூட்டரோ, 'யுஎஸ்பி ஹோஸ்ட்' என்று விற்கும் தனிப் பெட்டியோ வேண்டும். இது தெரியாமல் மாட்யூலை வாங்கி வந்து விழித்தவர்கள் உண்டு.

நாலு, ஸ்பீக்கர். வீட்டு கீபோர்டில் ஸ்பீக்கர் கூடவே இருக்கும். மாட்யூலில் கிடையாது. ஒர்க்ஸ்டேஷன்களிலும் பெரும்பாலும் கிடையாது. வாங்கி வந்த அன்றைக்கு வீடே கூடி உட்கார்ந்து சுவிட்சைப் போட்டால் ஒரு சத்தமும் வராது. ஹெட்போன் அல்லது ஆம்ப்ளிஃபையர் உள்ள ஸ்பீக்கர் தனியாக வேண்டும். மாட்யூலோடு வாசிக்கும்போது கீபோர்டின் சொந்தச் சத்தத்தைக் குறைத்துவிடவும் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து கேட்கும்.

நம் காதுக்கு கமகம் வேண்டும்

மேல்நாட்டுப் பத்திரிகைகள் எழுதும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் இருக்காது. அவர்களுக்கு இது அத்தனை முக்கியம் இல்லை. நமக்கு இதுதான் உயிர்.

கீபோர்டின் கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு நிலையான ஸ்வரம். மோகனத்தைக் கட்டையில் நேராக வாசித்தால்கூட ராகம் அடையாளம் தெரியும். தோடியை அப்படி வாசிக்க முடியாது. அதன் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கவேண்டும். சினிமாப் பாட்டிலும் புல்லாங்குழல், வயலின் பிட்டுகள் முழுக்க வழுக்கிப் போகும் ஸ்வரங்கள்தான். அந்த அசைவைத் தருவது இடது கையில் இருக்கும் பிட்ச் பெண்ட்.

கட்டையை அழுத்திக்கொண்டு சக்கரத்தைத் தள்ளினால் ஸ்வரம் மேலே போகும், இழுத்தால் கீழே வரும். மிடி இந்த அசைவை 16,384 படிகளாகப் பிரித்து அனுப்புகிறது. அதனால்தான் காதுக்குப் படி தெரியாமல் வழுக்குகிறது. வழக்கமாக மேலே இரண்டு அரை ஸ்வரம், கீழே இரண்டு அரை ஸ்வரம் என்று வைத்திருப்பார்கள். இந்த அளவை மாட்யூலில் மாற்றிக்கொள்ளலாம்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பிட்ச் பெண்ட் ஒரு சேனல் முழுவதையும் அசைக்கும். ஒரே சேனலில் இடது பக்கம் ஸ்ருதியைப் பிடித்துக்கொண்டு வலது பக்கம் புல்லாங்குழல் வாசித்தால், சக்கரத்தைத் தள்ளும்போது ஸ்ருதியும் சேர்ந்து ஆடும். கேட்கவே தலை சுற்றும். ஸ்ருதிக்கு ஒரு சேனல், மெலடிக்கு ஒரு சேனல் என்று பிரிக்கவேண்டும். ஒர்க்ஸ்டேஷனில் இதைப் பெட்டிக்குள்ளேயே செய்துகொள்ளலாம். மாட்யூல் 16 சேனலையும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாலும், வீட்டு கீபோர்டு கட்டைகளை இரண்டாகப் பிரித்து இரண்டு சேனலில் அனுப்பத் தெரிந்ததாக இருக்கவேண்டும்.

கம்பெனிக்குக் கம்பெனி கைப்பழக்கமும் மாறும். யமஹாவில் சக்கரம், கோர்க்கில் ஜாய்ஸ்டிக், ரோலண்டில் பக்கவாட்டில் தள்ளும் லீவர். பையன் எதில் பழகினானோ அதைத் தேடுவது நல்லது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கை மாறப் பல வாரங்கள் பிடிக்கலாம்.

64 என்றால் 64 இல்லை

விளம்பரத்தில் '64 வாய்ஸ்', '128 வாய்ஸ்' என்று போட்டிருக்கும். ஒரே நேரத்தில் எத்தனை ஒலி வரும் என்ற கணக்கு அது. பத்து விரலுக்கு 64 எதற்கு என்று தோன்றும்.

ஒரு கனமான ஸ்ட்ரிங்ஸ் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒன்றின் மேல் ஒன்றாக நாலு ஒலி அடுக்கிச் செய்ததாக இருக்கலாம். அப்போது ஒரு கட்டைக்கு 4 வாய்ஸ் செலவு. 64-ஐ 4-ஆல் வகுத்தால் 16 கட்டைகள்தான். பெடலை மிதித்துக்கொண்டு கார்டு மாற்றினால் பழைய ஸ்வரங்களும் ஒலித்துக்கொண்டிருக்கும். 16 சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்கு மேல் அழுத்தினால் முன்னால் அழுத்தியவற்றில் ஒன்று வெட்டுப்படும். எம்1-ல் மொத்தமே 16 வாய்ஸ்தான். டிரைட்டனிலும் முதல் மோடிஃபிலும் 62. 2003-ல் வந்த மோடிஃப் இஎஸ்ஸில் 128.

வீட்டில் ஒரே வாத்தியம் வாசிக்க 64 தாராளம். சீக்வென்ஸரில் தாளம், பேஸ், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் ஓடவிட்டு மேலே வாசிப்பதானால் அதிகம் உள்ளதைப் பாருங்கள். இதில் மாட்யூல் சேர்ப்பதால் ஒரு நன்மை: கீபோர்டின் சொந்த வாய்ஸும் மாட்யூலின் வாய்ஸும் தனித்தனி. ஒன்றின் கணக்கில் மற்றது கைவைக்காது.

மேடையில் நான் பட்ட பாடு

1992-ல் 'ரோஜா' வந்தபிறகு மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டுக்காரரிடம் ஜனங்கள் எதிர்பார்ப்பது கூடிவிட்டது. கேசட்டில் கேட்ட அதே சத்தம் மேடையிலும் வேண்டும் என்பார்கள். அந்த ஆசையில் எங்கள் குழுவுக்காக நானும் ஒரு பழைய ஒர்க்ஸ்டேஷன் வாங்கினேன். மிருதங்கம், தவில் சொற்களை நாங்களே பதிவு செய்து அதில் ஏற்றி வைத்திருந்தோம்.

ஒரு விழாவில் நாலாவது பாட்டின்போது கரண்டு போய்விட்டது. இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டது. ஒர்க்ஸ்டேஷனும் எழுந்துவிட்டது. ஆனால் தவில் கட்டையை அழுத்தினால் சத்தமே இல்லை. பதிவு செய்த ஒலிகள் இருந்த நினைவகம் கரண்டு உள்ளவரைதான் தாங்கும் என்பதும், ஒவ்வொரு முறையும் ப்ளாப்பியிலிருந்து திரும்ப ஏற்றவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ப்ளாப்பிகளை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். பாடகி மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், ஜனங்கள் கைதட்டுகிறார்கள், எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. கடைசியில் தபலாக்காரர்தான் மானத்தைக் காப்பாற்றினார்.

அந்தக் காலத்து மாடல்கள் பலவற்றின் இயல்பு அது. ஒரு ப்ளாப்பி 1.44 எம்பி. சிடி தரத்தில் ஒற்றைச் சேனலாகப் பதிந்தால் சுமார் 16 செகண்டு ஒலிதான் அதில் அடங்கும். நிறைய ஒலி வேண்டுமானால் ப்ளாப்பி ப்ளாப்பியாக மாற்றவேண்டும். ஆகவே சாம்ப்ளிங் வசதி இருக்கிறது என்பதற்காகவே பழைய ஒர்க்ஸ்டேஷனுக்குக் கூடுதல் விலை கொடுக்கவேண்டாம். கரண்டு போனால் என்ன மிஞ்சும் என்று முதலில் கேளுங்கள். கம்பெனியே ஏற்றிக்கொடுத்த ஒலிகள் அழியாத நினைவகத்தில் இருப்பவை, அவை போகாது.

அப்படியானால் மேடைக்கு மாட்யூல்தான் நல்லதா? அதுவும் முழு உண்மை இல்லை. கீபோர்டு, மாட்யூல், மிடி ஒயர், இரண்டு பவர் ஒயர், மிக்ஸருக்குத் தனித்தனி ஒயர் என்று மாட்யூலோடு மேடையில் ஒயர் பெருகும். எந்த ஒயர் காலில் மாட்டி உருவினாலும் பாட்டு நிற்கும். ஒர்க்ஸ்டேஷன் என்றால் ஒரு பவர் ஒயர், இரண்டு ஆடியோ ஒயர். பட்டனைத் தட்டினால் அடுத்த பாட்டுக்கான எல்லா ஒலியும் மாறும். ஆனால் 61 கட்டை உள்ள ஒர்க்ஸ்டேஷன் பெட்டியோடு 15 கிலோவைத் தாண்டும். லோக்கல் ரயிலில் லக்கேஜ் டப்பாவில்தான் ஏறமுடியும். மாட்யூல் தோள்பையில் அடங்கும்.

பழசு வாங்கும்போது

எலெக்ட்ரானிக் ஒலி வயதாகித் தேய்வதில்லை. தேய்வதெல்லாம் கை படும் இடங்கள். அசையும் பாகம் அதிகம் உள்ளது ஒர்க்ஸ்டேஷன், குறைவு மாட்யூல். பழசில் மாட்யூலுக்கு உள்ள பெரிய பலம் இதுதான். எதை வாங்கினாலும் சொந்த ஹெட்போனைக் கையோடு கொண்டுபோய், அரைமணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள்.

வோல்டேஜ்: சுவிட்சைப் போடும் முன்பே பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட், நமக்கு 230 வோல்ட். வெளிநாட்டிலிருந்து வந்த 100 வோல்ட் பெட்டியை நம் பிளக்கில் நேரே சொருகினால் உள்ளே கருகிவிடும். அப்படிப்பட்டதை வாங்கினால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கட்டைகள்: ஒவ்வொரு கட்டையையும் ஒரு தடவை மெதுவாக, ஒரு தடவை பலமாக அழுத்துங்கள். ஒன்று ஊமையாக இருந்தாலோ, மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அலறினாலோ கீழே உள்ள ரப்பர் காண்டாக்டில் அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது. அழுக்கானால் துடைத்தால் போகும்; தேய்மானமானால் ரப்பர் பட்டை மாற்றவேண்டும். கடலோர ஊரான நம் மும்பை ஈரத்துக்கு இது அடிக்கடி வரும்.

டிஸ்ப்ளே: எழுத்து தெளிவாக இருக்கிறதா, வெளிச்சம் மங்கியிருக்கிறதா பாருங்கள். டச் ஸ்கிரீனானால் நாலு மூலையிலும் தொட்டுப் பாருங்கள். திரை போனால் ஒர்க்ஸ்டேஷனை ஆளவே முடியாது.

பேட்டரி: நாம் மாற்றி வைத்த ஒலிகளை நினைவில் வைக்க உள்ளே காசு அளவு பேட்டரி ஒன்று பல மாடல்களில் இருக்கும். பேட்டரி குறைவு என்று திரையில் வந்தால் பயந்து ஓடவேண்டாம், மாற்றிவிடலாம். மாற்றும் முன் ஒலிகளைச் சேமித்துக்கொள்ளவேண்டும். சில மாடல்களில் பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். அதற்கு மெக்கானிக் வேண்டும்.

டிஸ்க்கும் கார்டும்: ப்ளாப்பியோ, முதல் மோடிஃபில் உள்ளது போன்ற ஸ்மார்ட்மீடியா கார்டோ இன்று கடையில் தேடவேண்டிய பொருள். ப்ளாப்பி டிரைவுக்குப் பதில் பென்டிரைவ் எடுக்கும் எமுலேட்டர் கிடைக்கிறது. அந்த மாடலுக்கு அது பொருந்துமா என்று விசாரித்தபிறகே நம்புங்கள்.

சாக்கெட்டும் குமிழும்: இடது, வலது இரண்டு அவுட்டிலும் சத்தம் வருகிறதா, வால்யூமைத் திருப்பும்போது கரகரக்கிறதா, எண்ணை மாற்றும் குமிழ் ஒன்று திருப்பினால் மூன்று தாவுகிறதா என்று பாருங்கள். பிட்ச் பெண்டைத் தள்ளி விட்டால் ஸ்வரம் சரியாகப் பழைய இடத்துக்கு வரவேண்டும்.

வாங்கி வந்தபின் மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைக்காதீர்கள். உள்ளே ஈரம் தங்கும். பருத்தித் துணி போதும். பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவையுங்கள்.

கம்ப்யூட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

பிள்ளைகள் கேட்கும் நியாயமான கேள்வி. கோர்க் நிறுவனம் எம்1, டிரைட்டன் ஒலிகளையும், ரோலண்ட் ஜேவி-1080 ஒலிகளையும் இப்போது மென்பொருளாகவே விற்கின்றன. வீட்டில் லேப்டாப் இருந்தால் சதுர வாய் யுஎஸ்பி கீபோர்டும் நேரே அதோடு பேசும். பாட்டைப் பதிந்து திருத்தும் வேலையில் பழைய ஒர்க்ஸ்டேஷனின் சின்னத் திரையைவிட லேப்டாப் எவ்வளவோ வசதி. சீக்வென்ஸருக்காகவே ஒர்க்ஸ்டேஷன் வாங்குவதற்கு இன்று காரணம் குறைவு.

மேடையில் கதை வேறு. லேப்டாப் நடுவில் அப்டேட் கேட்கும். தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்லாவிட்டால் கட்டையை அழுத்தியதற்கும் சத்தம் வருவதற்கும் இடையே தாமதம் தெரியலாம். அந்த லேப்டாப்பில்தான் அக்காவின் காலேஜ் வேலையும் இருக்கும். மாட்யூல் என்ற பெட்டிக்கு வேறு ஜோலி கிடையாது. சுவிட்சைப் போட்டால் சத்தம், அவ்வளவுதான்.

கடைசியில் எதை வாங்க?

வீட்டு கீபோர்டில் டச், பிட்ச் பெண்ட், வட்ட மிடி சாக்கெட் மூன்றும் இருந்து, ஒலி மட்டும்தான் போதவில்லை என்றால் மாட்யூல் வாங்குங்கள். பணம் மிச்சம், கெட்டுப்போக இடமும் குறைவு.

மூன்றில் இரண்டு இல்லை என்றால் மாட்யூலின் பாதி விலை வெறும் தோற்றம். புதிய கட்டைப் பலகை, ஒயர் எல்லாம் சேர்த்தால் ஒர்க்ஸ்டேஷன் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பிள்ளை மாதத்துக்கு ஒரு மேடையாவது ஏறுகிறான் என்றால் நல்ல நிலையில் உள்ள ஒர்க்ஸ்டேஷனே சரி. வீட்டிலேயே பாட்டமைத்துப் பழகுகிறான் என்றால் பிட்ச் பெண்ட் உள்ள நல்ல கட்டைப் பலகை ஒன்றை வாங்கி லேப்டாப்பில் இணையுங்கள். பின்னால் மாட்யூல் சேர்த்துக்கொள்ளலாம்.

வாசிக்க ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகாத பிள்ளைக்கு இரண்டுமே வேண்டாம். இருப்பதில் வாசிக்கட்டும். பசி வந்தபின் போடுகிற சோறுதான் உடம்பில் ஒட்டும்.

என்னிடம் கேட்ட அந்தத் தம்பிக்கு அன்று மேடையில் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "வீட்டுக்குப் போய் கீபோர்டைத் திருப்பி, அது முதுகை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க." இரவு பதினொரு மணிக்குப் படம் வந்தது. சதுர வாய் மட்டும் இருந்தது, வட்டம் இல்லை. பிட்ச் சக்கரமும் இல்லை என்று எழுதியிருந்தார். பாதி விலைப் பெட்டி அவருக்குப் பாதி விலை இல்லை என்று அப்போதே முடிவாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தகப்பனும் மகனும் நானுமாகத் தாதருக்குப் போனோம். ஒர்க்ஸ்டேஷனை அரைமணிக்கு மேல் ஓடவிட்டோம். 230 வோல்ட். திரை தெளிவு. மேல் ஸ்தாயியில் இரண்டு கட்டை ஊமை. அதைக் காட்டியதும் விற்றவர் விலையில் இறங்கி வந்தார். துடைத்ததும் இரண்டும் பேசிவிட்டன. "அண்ணாச்சி, முதல்ல மாட்யூலுக்குத்தான் அட்வான்ஸ் குடுக்க இருந்தேன்" என்றார் அந்தத் தம்பி.

பையன் அதை மடியில் வைக்காத குறையாக டாக்ஸியில் பிடித்துக்கொண்டு போனான். வருகிற பொங்கலுக்கு அவன்தான் எங்கள் மேடையில் வாசிக்கப் போகிறான். வந்து கேளுங்கள்.